கென்ட் கடற்கரையில் எங்கே சாப்பிடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் வெயில் அடித்தால் போதும், யாராவது ஒருவர் போன் செய்துவிடுவார்: "கடல் பக்கம் போகலாம்னு இருக்கோம், எங்கே நல்லா சாப்பிடலாம்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லாம் என் நாக்குக்குப் பட்டது. உங்களுக்கு வேறு மாதிரி படலாம்.

எந்தக் கடற்கரை?

கென்ட் மாவட்டத்தின் வடக்கு, கிழக்குக் கரை. விட்ஸ்டபிள், ஹெர்ன் பே, மார்கேட், பிராட்ஸ்டேர்ஸ், ராம்ஸ்கேட் என்று ஐந்து ஊர்களும் இதே வரிசையில் ஒரே ரயில் பாதையில் வருகின்றன. லண்டன் விக்டோரியாவிலிருந்தும் ரயில் உண்டு, செயின்ட் பாங்க்ரஸிலிருந்து வேக ரயிலும் உண்டு. எதில் ஏறினாலும் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கடல் வாசனை வந்துவிடும். காரில் போனால் பார்க்கிங் தேடும் நேரத்தில் பசி போய்விடும் என்பதால் நான் ரயில் கட்சி.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எந்த ஊருக்குப் போகலாம்?

சூரியனைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம் என்றாலும் விட்ஸ்டபிள், மார்கேட் இரண்டு ஊர்க் கரையும் வடமேற்கைப் பார்த்துத் திரும்பி நிற்கின்றன. கோடையில் சூரியன் கடலிலேயே இறங்குவதைப் பார்த்துக்கொண்டு இரவுச் சாப்பாடு சாப்பிடலாம். பிராட்ஸ்டேர்ஸ் கிழக்கே பார்த்த ஊர். அங்கே காலை அழகு. மாலை நான்கு மணிக்கு மேல் மேட்டின் நிழல் மணலில் விழ ஆரம்பித்துவிடும். ராம்ஸ்கேட் துறைமுகம் தெற்கே பார்த்தது, மதியச் சாப்பாட்டுக்கு வெயில் கிடைக்கும்.

சாப்பாடு மட்டுமே காரணம் என்றால் விட்ஸ்டபிள். குழந்தைகள் மணலில் விளையாட வேண்டும் என்றால் மார்கேட் அல்லது பிராட்ஸ்டேர்ஸ். விட்ஸ்டபிளில் மணல் கிடையாது, கூழாங்கல்தான். இதைச் சொல்லாமல் விட்டதற்காக ஒருமுறை ஒரு நண்பரின் நான்கு வயதுப் பெண்ணிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், வாளியும் மண்வாரியும் கையில் இருக்கும்போதே.

ஐந்து ஊரையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று மட்டும் கிளம்ப வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு நல்ல சாப்பாடு. மிச்ச நேரம் நடை.

விட்ஸ்டபிள் என்றால் சிப்பி (ஆய்ஸ்டர்) என்கிறார்கள். அதில் அப்படி என்ன?

ரோமானியர் காலத்திலிருந்தே இந்தக் கரையின் சிப்பிக்குப் பெயர் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து படகு படகாக லண்டன் பில்லிங்ஸ்கேட் மீன் சந்தைக்குப் போயிருக்கிறது. அன்றைக்கு அது ஏழைகளின் சாப்பாடு. கறி வாங்க முடியாதவர்கள் சிப்பி தின்றார்கள். அளவுக்கு மீறி வாரியதும் நோயும் சேர்ந்து சிப்பிப் படுகைகள் தேய்ந்துபோக, இன்று ஒரு சிப்பிக்குச் சில பவுண்டு கொடுத்துவிட்டு அதற்கு எலுமிச்சை பிழிந்துகொண்டிருக்கிறோம்.

இரண்டு வகை கிடைக்கும். "நேட்டிவ்" என்பது உள்ளூர்ச் சிப்பி. தட்டையாக, வட்டமாக இருக்கும், மெதுவாக வளரும், விலை கூடுதல். இனப்பெருக்கக் காலமான மே முதல் ஆகஸ்ட் வரை அதை எடுக்கமாட்டார்கள். ஆங்கில மாதப் பெயரில் 'ர்' ஒலி இருந்தால் சிப்பி சாப்பிடலாம் என்று பழைய கணக்கு. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். "ராக்" என்பது பசிபிக் கடலிலிருந்து கொண்டுவந்து வளர்க்கும் இனம். நீளமாக, ஓடு கரடுமுரடாக, ஆழமாக இருக்கும். வருடம் முழுக்கக் கிடைக்கும். ஜூலையில் போய் "விட்ஸ்டபிள் சிப்பி சாப்பிட்டேன்" என்று சொல்பவர் தின்றது பெரும்பாலும் இதுதான். அதில் குறையொன்றும் இல்லை, எனக்கு அதுவே பிடிக்கும்.

பச்சையாகவா சாப்பிட வேண்டும்? விழுங்குவதா, மெல்லுவதா?

மெல்லுங்கள். அப்படியே விழுங்கினால் உப்புத் தண்ணீரைக் குடித்த மாதிரிதான் இருக்கும். என் அம்மாவும் முதல் தடவை அதைத்தான் சொன்னார். இரண்டு மூன்று தடவை மென்றால் உப்புக்குப் பின்னால் ஒரு இனிப்பு வரும், அதற்காகத்தான் இத்தனை பேச்சு. சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்ட வினிகர், எலுமிச்சை, காரச் சாஸ் புட்டி மூன்றும் மேசைக்கு வரும். முதல் சிப்பியை ஒன்றும் போடாமல் தின்றுபாருங்கள்.

பச்சையாக வேண்டவே வேண்டாம் என்றால் மாவில் தோய்த்துப் பொரித்ததோ, மேலே சீஸ் போட்டுச் சுட்டதோ பல இடங்களில் இருக்கும். சிப்பிப் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

சரி, எந்தக் கடையில்?

ஹை ஸ்ட்ரீட்டில் இளஞ்சிவப்பு முகப்போடு ஒரு சின்னக் கடை கண்ணில் படாமல் போகாது: வீலர்ஸ் ஆய்ஸ்டர் பார். 1856 முதல் இருக்கிறது. முன்பக்கம் கண்ணாடிக் கவுண்டர், நாலைந்து பேர் நெருக்கி உட்காரும் இடம், உள்ளே ஒரு குட்டி அறை. சமையல் மட்டும் அந்த இடத்தின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாமல் பெரியது. விட்ஸ்டபிளில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் இங்கே போவேன். முன்கூட்டியே இடம் பிடிக்காமல் சனிக்கிழமை வாசலில் போய் நின்று பயனில்லை.

கரையோரமாகவே உட்கார வேண்டும் என்றால் ஹார்ஸ்பிரிட்ஜ் பக்கம் பழைய செங்கல் கட்டடத்தில் இருக்கும் விட்ஸ்டபிள் ஆய்ஸ்டர் கம்பெனி. முன்பு சிப்பிக் கிடங்காக இருந்த கட்டடம் அது. முழு மீனைச் சுட்டோ வாட்டியோ எளிமையாகத் தருவார்கள். விலை கொஞ்சம் கடிக்கும்.

காசைப் பார்ப்பவர்களுக்கும், நின்றுகொண்டே தின்பது பிடித்தவர்களுக்கும் கடல் சுவரை ஒட்டிய ஃபோர்ஜ் என்ற குடிசைக் கடை. சிப்பியும் உண்டு, பொரித்த மீனும் உண்டு. துறைமுகத்தின் கிழக்குப் பக்கம் லாப்ஸ்டர் ஷாக்கில் வெளி பெஞ்சில் உட்கார்ந்து சிங்கி இறாலைக் கையால் உடைத்துத் தின்னலாம். கையோடு ஈரத் துடைப்பான் எடுத்துப் போங்கள்.

ஓல்ட் நெப்டியூன் என்ற வெள்ளை மரப் பப் கூழாங்கல் மேலேயே நிற்கிறது. 1897இல் அடித்த பெரும்புயல் பழைய கட்டடத்தைக் கொண்டுபோக, மறுபடி கட்டியது. அங்கே சாப்பாட்டை விட இடம் பெரிது. சூரியன் இறங்குகிற நேரத்துக்கு ஒரு கிளாஸோடு போய் உட்காருங்கள், சாப்பாட்டை வேறெங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

கடலில் கழிவுநீர் விடுகிறார்களாமே. சிப்பி சாப்பிடுவது பாதுகாப்பா?

கேட்க வேண்டிய கேள்விதான். 2021 ஜூலையில், இந்தப் பக்கத்துக் கழிவுநீரைக் கையாளும் சதர்ன் வாட்டர் நிறுவனத்துக்கு 9 கோடி பவுண்டு அபராதம் விதித்தது கேன்டர்பரி நீதிமன்றம். 2010 முதல் 2015 வரை கென்ட், ஹாம்ப்ஷயர், மேற்கு சசெக்ஸ் கரைகளில் கழிவுநீரைக் கடலில் விட்ட வழக்கு அது. சிப்பி வளர்ப்பவர்கள்தான் அதில் அதிகம் அடிபட்டவர்கள்.

சிப்பி ஒரு வடிகட்டி மாதிரி. தண்ணீரில் உள்ளது அதன் வயிற்றிலும் இருக்கும். அதனால்தான் இந்த நாட்டில் பெரும்பாலான கடற்பகுதிச் சிப்பிகளை, புற ஊதா ஒளியில் சுத்தம் செய்த கடல்நீர்த் தொட்டியில் 42 மணி நேரம் போட்டு வைத்த பிறகே விற்க விடுகிறார்கள். அதில் பாக்டீரியா நன்றாகவே குறையும். வைரஸ் அவ்வளவு எளிதில் போகாது, அதிலும் குளிர்காலத்தில் வாந்தி வைரஸ் தொல்லை கூடுதல். ஆகவே கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைவாக உள்ளவர்கள் பச்சைச் சிப்பி பக்கம் போக வேண்டாம், வேகவைத்ததைத் தின்னலாம். மற்றவர்கள் பேர் பெற்ற கடையில் ஆறு சிப்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கரையில் தானாகக் கிடக்கிற சிப்பியைப் பொறுக்கித் தின்பது மட்டும் கூடவே கூடாது.

ஸ்போர்ட்ஸ்மேனுக்கு அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா?

விட்ஸ்டபிளுக்கு மேற்கே சுமார் 6 கிலோமீட்டர், சீசால்டர் என்ற இடத்தில், உப்புச் சதுப்புக்கும் கடல் சுவருக்கும் நடுவே தனியாக நிற்கும் பப் அது. வெளியிலிருந்து பார்த்தால், "இதற்கா இத்தனை தூரம் வந்தோம்" என்று தோன்றும். உள்ளேயும் சாதாரண மர மேசைகள்தான், மேசைவிரிப்புக்கூட இல்லை. 1999இல் இதை எடுத்து நடத்த ஆரம்பித்த ஸ்டீபன் ஹாரிஸ் சமையல் பள்ளிக்குப் போனவர் அல்ல. பங்க் இசைக்குழுவில் வாசித்தார், பிறகு பண ஆலோசகராக இருந்தார், நல்ல உணவகங்களில் தின்று தின்றே சமையல் கற்றார். 2008 மிஷ்லன் உணவக வழிகாட்டியில் நட்சத்திரம் வந்தது. நாட்டின் சிறந்த சாப்பாட்டுப் பப் என்று 2016, 2017, 2018 என மூன்று வருடம் தொடர்ந்து முதலிடம்.

எனக்கு அங்கே பிடித்தது விருதுகள் அல்ல. கடல்நீரைக் காய்ச்சி உப்பு அவர்களே எடுக்கிறார்கள், வெண்ணெயை அவர்களே கடைகிறார்கள். சீசால்டர் என்ற பெயரிலேயே உப்பு இருக்கிறது பாருங்கள். 1086இல் எடுத்த டூம்ஸ்டே நிலக்கணக்கில் இந்த ஊர் கேன்டர்பரி தேவாலயத்தின் சமையலறைக்குச் சொந்தம் என்று எழுதியிருக்கிறது. ஆக, ஆயிரம் வருடமாக இந்த மண் வேலையே சமையலுக்குப் பொருள் தருவதுதான். கடற்பாசி வெண்ணெயில் வாட்டிய சின்ன நாக்கு மீன் அங்கே கையெழுத்துப் பண்டம். தட்டில் ஒரு மீன், அதன் மேல் பச்சைப் புள்ளி போட்ட வெண்ணெய், வேறு ஒன்றும் இல்லை. நான் முள்ளை உறிஞ்சியதைப் பக்கத்து மேசைக்காரர் பார்த்தார். பார்க்கட்டும்.

பல வாரங்களுக்கு முன்பே இடம் பிடிக்க வேண்டும், பல வகை வரிசையாக வரும் சாப்பாடு, பணமும் அதற்கேற்பத்தான். பிறந்தநாள், கல்யாண நாள் மாதிரி ஒன்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விட்ஸ்டபிளிலிருந்து கடல் சுவரோரம் நடந்து போனால் ஒன்றரை மணி நேரத்தில் நல்ல பசியோடு போய்ச் சேரலாம். திரும்ப டாக்ஸிக்கு முன்னாலேயே சொல்லி வையுங்கள், சாலையில் நின்று கைகாட்டினால் ஆடுகள்தான் பார்க்கும்.

பிஷ் அண்ட் சிப்ஸ் எங்கே நன்றாக இருக்கும்?

விட்ஸ்டபிளில் ஹார்பர் ஸ்ட்ரீட்டில் உள்ள வி.சி. ஜோன்ஸ், மார்கேட்டிலும் ராம்ஸ்கேட்டிலும் பீட்டர்ஸ் ஃபிஷ் ஃபேக்டரி. பின்னதில் வரிசை நீளம், ஆனால் நகரும்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கடலுக்கு நேர் எதிரே நின்று நீங்கள் தின்னும் காட் மீன் பெரும்பாலும் அந்தக் கடலில் பிடித்ததல்ல. ஐஸ்லாந்து, நார்வே பக்கம் தூர வடக்குக் கடல்களில் பிடித்து, கப்பலிலேயே உறையவைத்து வருவது. அதில் தரக்குறைவு இல்லை; பிடித்த கையோடு உறையவைத்த மீன் பல நேரம் மூன்று நாள் பழைய "புதிய" மீனை விட நல்லது. ஆனால் உள்ளூர் மீன்தான் வேண்டும் என்றால் பலகையில் காட், ஹாடக் இரண்டையும் தாண்டிக் கீழே பாருங்கள்: பிளேஸ், ஸ்கேட், ஹஸ் இருந்தால் அதைக் கேளுங்கள்.

மெனுவில் உள்ள மீன் பெயர்கள் ஒன்றும் புரியவில்லை. நம் மீன் எது?

அச்சாக அதே மீன் இல்லை, ஆனால் உறவுமுறை சொல்லலாம். டோவர் சோல், லெமன் சோல், பிளேஸ் எல்லாம் நம் நாக்கு மீன் மாதிரித் தட்டை மீன்கள். ஸ்கேட் என்றால் திருக்கை, அதன் இறக்கை மட்டும் வரும். ஹஸ் அல்லது ராக் என்று எழுதியிருந்தால் சின்னச் சுறா. மேக்கரல் நம் கானாங்கெளுத்தியின் உறவு, எண்ணெய்ச் சத்து அதிகம், வாட்டினால் பிரமாதம். சீ பாஸ் கொடுவா மாதிரி. ஹெர்ரிங், ஸ்ப்ராட் இரண்டும் மத்தி, நெத்தலி வகையறா.

வெல்க் என்பது சங்கு மாதிரி ஓடுள்ள பெரிய கடல்நத்தை. விட்ஸ்டபிள் படகுகள் இன்றும் பிடிக்கின்றன, இந்நாட்டில் பிடிபடுவதில் பெரும்பகுதி கொரியாவுக்குப் போகிறது. ஆங்கிலேயர் அதை வேகவைத்து வினிகர் தெளித்து ரப்பர் மாதிரி மெல்கிறார்கள். மிளகு போட்டு வறுத்தால் எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறார்களா?

சில கடைகளில் ஆம். இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் பக்கம், மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதுதான் வழக்கம். தெற்கே பெரும்பாலும் தாவர எண்ணெய். ஆனால் "பழைய முறைப்படி" என்று பெருமையாகப் போர்டு வைத்த கடை கென்டிலும் இருக்கலாம். "எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள்?" என்று கேட்டால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், தினம் பத்துப் பேர் கேட்பதுதான்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. மீன் வேண்டாம், வெறும் சிப்ஸ் போதும் என்கிற சைவக்காரர்களும் இதைக் கேட்க வேண்டும். கொழுப்பில் பொரித்தால் சிப்ஸும் அதில்தான். தாவர எண்ணெயாக இருந்தாலும் மீனும் சாசேஜும் பொரித்த அதே தொட்டியாக இருக்கலாம். தனித் தொட்டி வைத்திருக்கும் கடைகள் உண்டு, கேட்டால் சொல்வார்கள். மேல்மாவில் பீர் ஊற்றிக் கரைப்பதும் சகஜம். அது வேண்டாதவர்கள் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்கேட் மாறிவிட்டது என்கிறார்களே?

மாறித்தான் விட்டது. 2011 ஏப்ரலில் டர்னர் கலைக்கூடம் திறந்த பிறகு லண்டனிலிருந்து ஓவியர்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னாலேயே நல்ல ரொட்டியும் காபியும் வந்தன. உள்ளூர்க்காரர்களுக்கு வாடகை ஏறிய வருத்தமும் இருக்கிறது.

என் தேர்வு ஏஞ்சலாஸ். பெரிய வரவேற்பறை அளவுதான் இருக்கும். அன்றைக்கு என்ன மீன் வந்ததோ அதைப் பலகையில் எழுதுவார்கள், தீர்ந்ததும் அழித்துவிடுவார்கள். இரண்டு மணிக்குப் போனால் பாதிப் பலகை காலி. அதே குடும்பத்து டோரீஸ் கொஞ்ச தூரத்தில். அங்கே ஊறவைத்தது, புகை போட்டது, குளிர்ந்தது என்று சின்னச் சின்னத் தட்டுகள், ஜன்னலுக்கு வெளியே கடல். கடலுக்குள் நீளும் துறைமுகக் கல் சுவரின் மேல் இருக்கும் சர்காசோவில் மாலை வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு தட்டு வறுத்த மீன் இன்னும் நினைவிருக்கிறது. அதன் பில்லும் நினைவிருக்கிறது.

அப்படியெல்லாம் வேண்டாம் என்றால் மணலுக்கு எதிரே மேனிங்ஸ் தள்ளுவண்டி மாதிரியான கடை. ஒரு சின்னக் கிண்ணத்தில் மட்டி, இறால், நண்டுக் கறி. வினிகர், மிளகுத்தூள், மரக்குச்சி. பழைய மார்கேட்டின் ருசி அதுதான்.

பிராட்ஸ்டேர்ஸில் ஐஸ்கிரீம் தவிர ஏதாவது?

ஐஸ்கிரீமை முதலில் முடித்துவிடுவோம். 1932 முதல் மொரெல்லீஸ். உள்ளே 1950களிலேயே நின்றுவிட்ட கடிகாரம் மாதிரி: இளஞ்சிவப்பு இருக்கைகள், பாட்டுப்பெட்டி, உயரக் கண்ணாடிக் கோப்பை. வெயில் நாளில் வரிசை வெளியே தெருவுக்கு வரும். மழை நாளில் போங்கள், ஜன்னலோரம் கிடைக்கும்.

சாப்பாட்டுக்குக் கீழே படகுத்துறைப் பக்கம் டார்ட்டர் ஃப்ரிகெட் என்ற பழைய கல் பப்பின் மாடி, கடல் உணவு, பாணி கொஞ்சம் பழையது. ஹார்பர் ஸ்ட்ரீட் இறக்கத்தில் வயட் அண்ட் ஜோன்ஸ் இன்றைய பாணி. காலைச் சாப்பாட்டுக்கு இந்த ஊரை விட்டால் வேறு ஊர் இல்லை என்பேன், சூரியன் விஷயம் முன்னாலேயே சொன்னேனே.

ராம்ஸ்கேட்?

1821இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் வந்து தங்கிப் போன மகிழ்ச்சியில் "ராயல்" பட்டம் கொடுத்த துறைமுகம். அதன் பக்கத்தில் மணலை ஒட்டி நிற்கும் ராயல் விக்டோரியா பெவிலியன் பழைய இசை மண்டபம். 2017 முதல் வெதர்ஸ்பூன் பப், அந்தக் கம்பெனியின் பப்களிலேயே பெரியது. சாப்பாடு எல்லா வெதர்ஸ்பூனிலும் உள்ளதுதான், விலையும் அப்படியே குறைவு. பதினைந்து பேர் கொண்ட குடும்பப் பட்டாளம், ஒருவர் சைவம், ஒருவருக்குக் காரம் ஆகாது, மூன்று குழந்தைகள் என்றால் எந்தச் சின்ன உணவகமும் தாங்காது. அன்றைக்கு இந்த மாடி முற்றம் கை கொடுக்கும். ருசிக்காகச் சொல்லவில்லை.

ஹெர்ன் பேயை விட்டுவிட்டீர்களே?

அமைதியான ஊர். 1978 புயலில் பாதி உடைந்துபோய், முனை மட்டும் தனித்தீவாகக் கடலுக்குள் நிற்கும் பாலத்தைப் பார்த்துக்கொண்டு ஐஸ்கிரீம் தின்னலாம். விட்ஸ்டபிளில் வயிறு முட்டச் சாப்பிட்டால் கரையோரமாகவே 8 கிலோமீட்டர் நடந்து இங்கே வந்து ரயில் ஏறுங்கள்; அதற்குத்தான் இந்த ஊர் எனக்கு.

சைவம் சாப்பிடுபவர்கள் பட்டினிதானா?

பத்து வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன். இப்போது எல்லா இடத்திலும் இரண்டொரு வகை இருக்கும், மார்கேட்டில் நிறையவே இருக்கும். கென்டில் தோட்டங்கள் அதிகம். மே மாதம் தண்ணீர்விட்டான் குருத்து (ஆஸ்பராகஸ்), கோடையில் தக்காளி, இலையுதிர் காலத்தில் பூசணி என்று நல்ல சமையல்காரர் கையில் காய்கறியே விருந்தாகும். "வெஜிடேரியன்" என்றால் முட்டை சேரும், "வீகன்" என்றால் பாலும் சேராது. முட்டையில்லாமல் பால் மட்டும் சாப்பிடும் நம் ஆட்கள் அதை விளக்கித்தான் சொல்ல வேண்டும். மீன் சாஸ், ஆன்சோவி என்ற சின்ன மீன் சேர்த்த குழம்புகள் சைவம் போலவே மேசைக்கு வரும், கேளுங்கள்.

அப்பாவுக்குச் சோறு இல்லாமல் முடியாது. என்ன செய்வது?

ஐந்து ஊரிலும் இந்திய உணவகங்கள் இருக்கின்றன, ஆனால் பல மதியம் திறப்பதில்லை. காலையில் எலுமிச்சைச் சோறோ புளிச்சோறோ கட்டிக் கொண்டுபோய்க் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் மட்டும் கடையில் சாப்பிடுங்கள். என் அனுபவத்தில் எல்லாரும் சந்தோஷமாகத் திரும்பும் ஏற்பாடு அதுதான். புளிச்சோற்றுக்குப் பக்கவாட்டில் சூடாகச் சிப்ஸ் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.

எந்த நாள், எந்த நேரம் போகலாம்?

இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கடற்கரை ஊர்களில் நல்ல கடைகள் பல திங்கள், செவ்வாய் மூடியிருக்கும், சில புதனும். சமையலறை மதியம் இரண்டரை வாக்கில் நின்றுவிடும், பிறகு ஆறு மணிக்கு மேல்தான். மூன்றரைக்குப் போய் நின்றால் கதவு திறந்திருக்கும், ஆனால் கேக்கும் காபியும்தான். ஒரு பிப்ரவரி செவ்வாய்க்கிழமை மழையில் நாங்கள் நான்கு பேர், திறந்திருக்கிற கடை தேடி முக்கால் மணி நேரம் நடந்து, கடைசியில் ஒரு பேருந்து நிழற்குடையில் நின்று சிப்ஸ் தின்றோம். அன்று சிப்ஸ் தேவாமிர்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் அதற்கு முன்னால் நடந்த பேச்சை இங்கே எழுத முடியாது.

வியாழன், வெள்ளி போவது உத்தமம். ஞாயிறு என்றால் பப்களில் ரோஸ்ட் (சுட்ட இறைச்சி) நாள், மீன் இரண்டாம் பட்சம்.

குழந்தைகளைப் பப்புக்குள் அழைத்துப் போகலாமா?

பெரியவரோடு தாராளமாக. சில இடங்களில் இரவு எட்டு ஒன்பதுக்கு மேல் வேண்டாம் என்பார்கள். பப்பில் யாரும் மேசைக்கு வந்து ஆர்டர் எடுக்காமல் இருக்கலாம். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு, கவுண்டரில் போய்ச் சொல்லி அங்கேயே பணம் கட்டிவிட்டு வர வேண்டும். இது தெரியாமல் அரை மணி நேரம் மரியாதையாகக் காத்திருந்த குடும்பங்கள் உண்டு.

பில், டிப்ஸ், தண்ணீர்?

மது விற்க உரிமம் உள்ள எந்த இடத்திலும் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். "டாப் வாட்டர்" என்று தெளிவாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் புட்டி வந்துவிடும். பில்லில் பத்து, பன்னிரண்டரை சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்திருந்தால் அதுவே டிப்ஸ், மேலே வைக்க வேண்டாம். "விருப்பம்" என்று போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம். 2024 அக்டோபர் முதல் அந்தப் பணம் முழுவதும் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்று சட்டம் வந்திருப்பதால் நான் கொடுத்துவிடுகிறேன்.

கதவில் பச்சை வட்டங்களோடு சுகாதார மதிப்பெண் ஒட்டியிருக்கும், 5 உச்சம். வேல்ஸில் ஒட்டுவது கட்டாயம், இங்கிலாந்தில் இல்லை. ஒட்டவில்லை என்றால் எனக்குக் கொஞ்சம் யோசனை வரும்.

கடற்காகங்கள் சாப்பாட்டைப் பிடுங்குமா?

பிடுங்கும். கையிலிருந்தே. 2019இல் எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து, நாம் அதைக் கண்ணுக்குக் கண் முறைத்துப் பார்த்தால் கிட்டே வரத் தயங்குகிறது என்று எழுதினார்கள். ஆகவே ஒருவர் முறைக்க, மற்றவர்கள் சாப்பிடலாம். சுவருக்கு முதுகு காட்டி உட்காருங்கள், பின்னாலிருந்து வருவதுதான் அதன் வழக்கம்.

கென்டுக்கென்றே இனிப்பு ஏதாவது?

ஜிப்சி டார்ட். சுண்டக் காய்ச்சிய பாலையும் கருஞ்சர்க்கரையையும் நுரைக்க நுரைக்க அடித்து மாவுக்கிண்ணத்தில் ஊற்றிச் சுடுவது. பள்ளிக்கூடச் சாப்பாட்டில் போட்டுப் பழகிய பண்டம், கென்ட்காரர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரலே மாறும். வாயில் வைத்ததும் நமக்குப் பால்கோவா நினைவு வரும். இனிப்பு மிக அதிகம், இரண்டு பேருக்கு ஒன்று போதும்.

வீட்டுக்கு என்ன வாங்கி வரலாம்?

ஜூன் கடைசி, ஜூலையில் செர்ரிப் பழம். ஆகஸ்ட் கடைசியிலிருந்து காப்நட் என்ற பச்சைக் கொட்டை, தோலோடு விற்பார்கள், தேங்காய்க் கீற்று மாதிரி நறுக்கென்று இருக்கும். அப்புறம் மீன். விட்ஸ்டபிள் துறைமுகத்தில் மீன் கடை இருக்கிறது, குளிர்ப்பையும் ஐஸும் கொண்டுபோனால் வீடு வரை தாங்கும். திருக்கை இறக்கை கிடைத்தால் குழம்புக்கு. ஹஸ் கிடைத்தால் விடாதீர்கள்: தோலுரித்து நீளமாக வைத்திருப்பார்கள், நடுவில் ஒரே குருத்தெலும்பு, முள் கிடையாது. வேகவைத்து உதிர்த்து, மஞ்சள் தூள், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், நிறையச் சின்ன வெங்காயம் போட்டால் அசல் சுறாப் புட்டு. மீன்காரர் எதற்கு இவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். அடுத்த முறை போனபோது இரண்டு எடுத்து வைத்திருந்தார்.